ஜன்னல் உயரத்தில் ஒரு வரி

எங்கள் கம்பெனியில் சுவரை யாரும் கட்டுவதில்லை, இயந்திரம் பிதுக்குகிறது. பற்பசையைப் பிதுக்குவது போல ஒரு பெரிய குழாய் கான்கிரீட்டை வரி வரியாகப் போட்டுக்கொண்டே போகும். கீழ் வரி காய்வதற்குள் அடுத்த வரி அதன்மேல் விழ வேண்டும். காய்ந்துவிட்டதோ, இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி பக்கத்தில் இருக்கும், ஒட்டாது. பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் சுவர் முழுக்க வரிதான்.

நான் அங்கே வேன் ஓட்டுகிறவன். காலையும் மாலையும் ஆட்களை ஏற்றி இறக்குவேன். நடுவில், சுவரிலிருந்து அறுத்தெடுத்த துண்டுகளைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே அவற்றை வாங்கி, இயந்திரத்தில் வைத்து, உடையும்வரை அழுத்திப் பார்ப்பவர்தான் உடைப்பு மேடம். பெயர் வைத்தது நாங்கள். அவருக்கும் அது தெரியும். “ஊரே கட்டுது, நான் ஒருத்திதான் உடைக்கிறேன்” என்று அவரே சிரிப்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை. மூன்றாவது மாடியில் ஓர் அறை வாடகைக்கு. என் வேனில் கடைசியாக இறங்குபவர் அவர்தான். எல்லோரும் இறங்கிய பிறகும் பின் இருக்கையிலேயே இருப்பார். முன்னால் வந்தால் பேச்சுத் துணையாவது இருக்குமே என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். பழகிவிட்டது என்பார். எனக்குக் கோபம் வரும். வெறும் வேனில் ஒரு பெண்மணி பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தால், ஓட்டுகிறவனுக்கும் என்னமோ போல்தான் இருக்கிறது.

அவருக்கு இருந்த ஒரே உறவு அக்கா. அக்கா வேறு ஊரில், மகன் வீட்டில். முழங்கால் போய்விட்டதால் மாடி ஏற முடியாது, தங்கையின் அறையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இப்படி இயந்திரத்தால் அச்சடிக்கும் வீட்டு வரிசையில் ஊழியர்களுக்கும் வீடு உண்டு என்று கம்பெனி சொன்னதும், முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார் மேடம். தரைத்தளம், ஒரு படிகூடக் கிடையாது. வந்துவிடுகிறேன் என்று அக்காவும் வாக்குக் கொடுத்துவிட்டார். வருவதற்கு முன்பே தன் நாற்காலியை லாரியில் மேடத்தின் அறைக்கு அனுப்பினார், கை வைத்த உயரமான மர நாற்காலி. அதிலிருந்துதான் அவரால் பிறர் உதவியில்லாமல் எழுந்திருக்க முடியுமாம். அந்த வாரம் மேடம் வேனில் பேசிய பேச்சு, அதற்கு முந்திய பத்து வருடத்துக்கும் சேர்த்து இருக்கும்.

அவர் வீட்டுச் சுவர் ஏறிய அன்று அறையிலிருந்த அந்த நாற்காலியையும் வேனில் ஏற்றச் சொன்னார். சுவர் முழங்காலைத் தாண்டியிருந்தது. உள்ளே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். வரைபடத்தில் இருக்கிறபடி ஜன்னல் வந்தால், உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு எதிர்வீட்டுக் கூரைதான் தெரியும், தெரு தெரியாது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கித்தர முடியுமா என்று இயந்திரத்தை ஓட்டும் பிரிண்டர்காரரைக் கேட்டார். எதையும் கேட்டறியாத மனுஷி கேட்கிறாரே என்று அவரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கணினியில் வரைபடத்தைத் திருத்த உட்கார்ந்தார். அது சண்டித்தனம் செய்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகலாம் என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கும் மேடம், அன்று கடிகாரத்தையே பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் வராத ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் நன்றாக இறுகிய பிறகு துண்டுகளை அறுத்தார்கள். நான்தான் கொண்டுபோனேன். மேலிருந்து அழுத்தியதில் எல்லாத் துண்டும் பிரமாதமாகத் தாங்கின. கூடவே நின்ற இன்ஜினியர், வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டியதுதான் பாக்கி என்றார். ஆனால் ஒவ்வொரு சுவரிலும் சில துண்டுகளைப் படுக்கப் போட்டு வளைத்தும் பார்ப்பார்கள். கூரை மேலிருந்து அமுக்கும், காற்று பக்கத்திலிருந்து அல்லவா தள்ளும். வழக்கமாக முதலில் செய்கிற அந்தச் சோதனையை மேடம் அன்று கடைசிக்கு வைத்திருந்தார்.

ஜன்னல் உயரத்தில் அறுத்த துண்டு இயந்திரம் தொட்டதுமே இரண்டாகிவிட்டது. உடைந்த பக்கத்தை என்னிடம் காட்டினார். மற்றவை ஜல்லி பிதுங்கிக் கரடுமுரடாக உடையும். இது தட்டுப்போல வழவழவென்று இருந்தது. அதே உயரத்தில் எடுத்த மிச்சத் துண்டுகளும் அப்படியே. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான்.

இன்ஜினியர் நல்ல மனிதர். யாருடைய வீடு என்பதும் அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

“வேற துண்டு அறுத்து இன்னொரு தடவை பாக்கலாமா மேடம்?”

“எத்தனை தடவை பாத்தாலும் இதேதான் சார் வரும். அந்த இடத்துல ஒட்டல. காத்து தள்ளினா நிக்காது. பெயில்னே போட்டுடுங்க.”

இடிப்பது என்று முடிவானது. அடுத்த வீட்டு வரிசை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று மாலை வேனில் அவர் அக்காவுக்குப் போன் செய்தார். அக்காவுக்குக் காது மந்தம், அதனால் கத்தித்தான் பேசுவார். எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. நடந்ததையெல்லாம் மேடம் ஒளிக்காமல் சொன்னார். கேட்டு முடித்ததும் அக்கா கத்தினார்.

“தெரு பாக்கணும்னு நான் கேட்டேனாடி? நீ இருந்தாப் போதும்னுதானே வரேன்னேன்.”

“கேக்கலக்கா. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்.”

மகனுக்கு இன்னும் தூரத்தில் வேலை மாற்றலாகிவிட்டதாம், தானும் அவனோடு போகிறதாகச் சொல்லி அக்கா போனை வைத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது சாப்பாட்டுக்கு மட்டும் சொன்னதில்லை. நான் கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் ஓட்டினேன்.

இடித்த அன்று அவரும் வந்து நின்றார். பொக்லைன் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியது. ஜன்னலின் அடிமட்டத்திலிருந்து மேல்பாதி அப்படியே, மூடியைக் கழற்றின மாதிரி பெயர்ந்து விழுந்தது. கீழ்ப்பாதி அசையவே இல்லை, அதைச் சுத்தியல் வைத்து உடைக்க வேண்டியிருந்தது. மேடம் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வேனில் ஏறும்போதுதான் என்னிடம் சொன்னார்.

“நான் சொன்னது தப்பா இருக்கக் கூடாதான்னு ஒரு நிமிஷம் ஆசையா இருந்துச்சுண்ணே.”

நாற்காலி அத்தனை நாளும் சைட் கொட்டகையில்தான் கிடந்தது. அன்று அதையும் ஏற்றிக்கொண்டோம். கடைசி நிறுத்தத்தில் அவரைச் சுமக்க விடாமல் நானே மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினேன். நடுவில் மூச்சு வாங்கி அந்தக் கட்டிடத்தைத் திட்டினேன். அவர் சிரித்தார்.

அறையில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு ஜன்னல். நாற்காலியை எங்கே போடுவது என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். போட்டுவிட்டு, களைப்பில் அதில் நானே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் என் தலைக்கு மேலே இருந்தது. தெரு தெரியவில்லை. கூரைகூடத் தெரியவில்லை.

“அதுல உக்காந்தா ஒண்ணும் தெரியாதுண்ணே. வந்த அன்னைக்கே நான் பாத்தேன்” என்று சொல்லிவிட்டு, அவர் எனக்குத் தண்ணீர் மொள்ளப் போனார்.