ஈரத் தலையோடு வந்த ஞாயிறுகள்

“பேசினா குடி நின்னுருமா, ஏட்டி? அப்படின்னா ஒங்கப்பன் பேசாத பேச்சா?”

தென்காசி பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சித்தப்பா என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பத்து வயது. அவர் அப்பாவின் தம்பி. அப்பாவோடு பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டை தூக்கியவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. குடித்துவிட்டு வந்தால் அப்பா தெரு முழுக்கக் கேட்கும்படி பேசுவார். குடிக்காதபோதுதான் அவரிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியாது.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் கண்ணில் படும் பலகை, சுவரொட்டி எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டேதான் நடப்பேன். அன்று தூணில் ஒட்டியிருந்த ஒரு சிறிய தாளையும் அப்படியே படித்துவிட்டேன். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை குற்றாலத்தில் கூடிப் பேசுகிறார்கள், கட்டணம் இல்லை, யார் எவரென்று கேட்க மாட்டோம் என்று போட்டிருந்தது. அம்மா என்னை முறைத்தாள். சித்தப்பா கேலி செய்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்த எடம் எங்கனன்னு போட்டிருந்துச்சு?”

தெருவில் கேட்டவர்களிடம், பிள்ளையை அருவிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். உண்மையில் நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறை. உள்ளே பத்துப் பேர் இருக்கலாம். நான் வெளியே படியில் உட்கார்ந்து ரம்புட்டான் தின்றேன். ஒருவர் பேசினால் மற்றவர்கள் குறுக்கே பேசவில்லை. யாரோ அழுதார்கள். சற்று நேரத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சில வாரங்கள் கழித்து ஒருநாள் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. சாரல் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்ததால் என்ன சொன்னாரென்று தெரியவில்லை. குடிக்காமல் அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எழுந்து கதவருகே போனேன். அதற்குள் முடித்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் மெயினருவிக்குப் போவோம். அப்பா தலையைக் காட்டிவிட்டு வருவார், ஆனால் துவட்ட மாட்டார். ஈரம் சொட்டச் சொட்ட பஸ் ஏறுவார். பாவூர்சத்திரத்தில் இறங்கியதும் தண்ணீர் எப்படி விழுகிறது, கூட்டம் எப்படி என்று கேட்பார்கள். அப்பா விவரமாகச் சொல்வார். சீசனில் ஈரத் தலையோடு வருகிறவனிடம் கேட்க வேறொன்றும் இருக்காது.

அந்த மாதங்களில் அவர் சந்தையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். நான் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அம்மா தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள். வேறு பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. இன்றும் நான் ஏங்குவது அதற்குத்தான்.

மாசி பிறந்ததும் அருவி நூலாக மெலிந்து, பிறகு பாறை மட்டும் நின்றது. அப்பா கூட்டத்தை விடவில்லை. திரும்பும் வழியில் தென்காசி பஸ் ஸ்டாண்டு குழாயடியில் குனிந்து தலையை நனைத்துக்கொண்டார். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. நானும் நனைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் நாங்கள் இறங்கியபோது டீக்கடையில் சந்தை ஆட்கள் நின்றார்கள். சித்தப்பாவும் இருந்தார்.

“என்னண்ணே, அருவில சொட்டுத் தண்ணி கெடையாதுங்காங்க. நீ எங்கன போய்க் குளிச்ச?”

எல்லாரும் திரும்பினார்கள். பதில் என் வாய்வரை வந்துவிட்டது. அப்பா என் கையை இறுக்கினார்.

“குளிக்கவாலே போனேன்? தண்ணியடிக்கப் போனேன். இவ காவலுக்கு.”

கடையே சிரித்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, சொன்னதை மெய்யாக்கப் போகிறவர்போல அவர்களோடு கிளம்பினார். அதன்பின் எங்களுக்கு ஞாயிறுகள் இல்லை. கொஞ்ச நாளில் அந்தத் தாளும் தூணிலிருந்து போய்விட்டது.

குடிக்காத மனிதர் குடித்தேன் என்று ஏன் பொய் சொன்னார் என்று மட்டுமே அன்று எனக்குக் கோபம். குடித்ததை ஒருநாளும் மறைக்காதவர், நிறுத்தப் போனதை மறைக்க அத்தனை மாதம் தலையை நனைத்தார் என்பது புரியவில்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் அவரும் என்னைப்போல ஒரு பிள்ளையாகத்தான் நின்றிருக்கிறார்.

இப்போது நான் தென்காசியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவால் மூட்டை தூக்க முடிவதில்லை. குடி மட்டும் நிற்கவில்லை. இந்த வருடம் பலரிடமும் விசாரித்து அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். தென்காசிக்கே மாறியிருந்தது. குடிக்கிறவர்களின் வீட்டாருக்கென்று பக்கத்து அறையில் தனியாக ஒரு கூட்டம் நடக்கிறது. போன ஞாயிறு அங்கே போனேன். இந்த முறை உள்ளே உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது அப்பா வாசலில் கட்டிலில் படுத்திருந்தார். லீவு நாளில் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று எதிர்வீட்டு மதினி கேட்டாள். வேண்டுமென்றே தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

“குடிய நிறுத்துத மீட்டிங்குக்குப் போயிட்டு வாரேன் மதினி. அப்பா முன்ன போனதுதான். அடுத்த ஞாயித்துக்கெழமயும் போவேன்.”

மதினி சிரிக்கவில்லை. அப்பா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை; தலையைத்தான் பார்த்தார். அது காய்ந்திருந்தது.