வலது கண்ணில் இரண்டு

பஷீர் அகமது தொலைநோக்கியில் வலது கண்ணை வைக்கிறார், எடுக்கிறார், வில்லையைத் துடைக்கிறார், மறுபடி வைக்கிறார். முக்காலி இருக்கிறது, உட்காருவதில்லை. பிளாஸ்க் மூடியில் ஊற்றிய டீ ஸ்கூட்டர் சீட்டின்மேல் ஆறிப்போய்க் கிடக்கிறது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வெள்ளிக்கிழமை மதியத்தோடு கடையை மூடுவார். பிவிசி குழாயில் தானே செய்த தொலைநோக்கியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை கீழே தெரிகிற வளைவுவரை மலையேறுவார். தை மாதத்தில் பொழுது சாய்ந்ததும் வடகிழக்கில் மஞ்சளாக ஒரு நட்சத்திரம் தெரியும். சோதிடர்கள் பிரம்மஹிருதயம் என்பார்கள், புத்தகங்களில் கபெல்லா. பஷீருக்கு அதன் அரபுப் பெயர்தான் வாயில் வருகிறது: அய்யூக்.

வெறும் கண்ணுக்கு ஒன்று. உண்மையில் முக்கியமானவை இரண்டு. இரண்டும் வயதாகிச் சூரியனைவிடப் பல மடங்கு உப்பிப்போனவை. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ளதைவிடக் குறைந்த இடைவெளியில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. கையால் செய்த குழாயில் அவற்றைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

"முடியாதுன்னு எழுதி வச்சிக்கினு இருக்கான். எழுதினவன் இங்க வந்தா பாத்தான்?" என்பார் பஷீர்.

போன கார்த்திகையில் பார்த்தே விட்டார். மறுநாள் காலை கடைக்குக்கூடப் போகாமல், எதிரே டீக்கடை வைத்திருக்கும் தனசேகரனிடம் ஓடினார். "பாத்துட்டன்யா, ரெண்டு!"

"டீ ஒண்ணு போதுமா பாய், அதுவும் ரெண்டா?"

இடது கண்ணுக்கு மட்டும் அய்யூக் இன்னும் ஒன்றுதான். அது சோம்பேறிக் கண் என்கிறார் பஷீர்.

வலது கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் "புரையை வளர விடாதீங்க, அப்புறம் கஷ்டம் ஜாஸ்தி" என்று அதட்டுகிறவர்தான். தன் ஆபரேஷனுக்கு மட்டும், "அய்யூக் மேற்கால எறங்கட்டும், பாக்கலாம்" என்பார். புரையை எடுத்தால் கூடவே இரண்டும் போய்விடுமோ என்பதை மனைவி ரஜியாவிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

இந்த வெள்ளிக்கிழமை அவளும் கூட வந்தாள். குழாயில் கண்ணை வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

"ஒண்ணுதாங்க."

"அவசரப்படாம பாரு."

"ஒண்ணுதான். ரெண்டுன்னு சொன்னாத்தான் வூட்டுக்குப் போலாம்னா சொல்லுங்க, ரெண்டுன்னே சொல்றன்."

பஷீர் வளைவின் ஓரத்துக்குப் போனார், திரும்பினார், குழாயின் திருகை முடுக்கினார், தளர்த்தினார். "குளிரு. அதான் உனுக்குத் தெரியல."

"சரி. அணை மேல ஒரு செவப்பு வெளக்கு எரியுது பாருங்க. எடது கண்ண மூடிக்கினு பாருங்க. எத்தினி?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"பாருங்களேன்."

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். சிவப்பு விளக்கு இரண்டு. ஒன்று சற்று மேலே, இடப்பக்கமாக. அய்யூக்கில் கார்த்திகையிலிருந்து அவர் மனப்பாடமாக வைத்திருந்த அதே சாய்வு.

அவர் குழாயைப் போர்வையில் சுற்றிக் கட்டினார். முக்காலியை மடக்கினார். ஸ்கூட்டர் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.