முனிலட்சுமியின் ஊமை நாடகம்

கண்மையால் மீசை வரைந்து முடிப்பதற்குள் வேலை முடிந்த ஏ ஷிஃப்ட் ஆட்கள் கேட்டைத் தாண்டி வந்துவிடுவார்கள். கம்பெனி பஸ் கிளம்பப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. அதற்குள் முனிலட்சுமி ஒரு மனிதரின் வாழ்க்கையையே நடித்து முடித்தாக வேண்டும். வியாழன்தோறும் இந்த அவசரம்தான்.

மாநில எல்லையோரத்து ஜூஜுவாடிப் பக்கம், காதைப் பிளக்கும் சத்தத்தோடு இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றின் கேன்டீனில் பரிமாறுகிறவர் அவர். நாடகத்தில் வசனம் கிடையாது. ஏன் என்றால், “தமிழு, கன்னடம், தெலுங்கு, இந்தின்னு நாலு பாஷக்காரங்க நிக்கறாங்க. அதுல பாதிப் பேருக்குக் காதே கேக்கல. யாருக்குன்னு பேசறது?” என்கிறார்.

கதை கேன்டீனிலேயே கிடைத்தது. “சாம்பாரா, ரசமா?” என்று கேட்டால் பழைய ஆப்பரேட்டர்கள் “ஆமா” என்பார்கள். முனிலட்சுமியும் சிரித்தவர்தான். வீட்டில் கணவர் ஆஞ்சப்பனும் அதே “ஆமா”வைச் சொன்ன அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது. இருபத்தாறு வருடமாக அதே கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறவர். சத்தம் கேட்காமல் காதில் அடைக்கும் இயர் பிளக் என்றாலே எரிந்து விழுவார்.

கிருஷ்ணகிரியில் நடந்த காது பரிசோதனை முகாமில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். காது மந்தமானவர் பேச்சைத் தவிர்ப்பார், மனிதரோடு பழகுவது குறைந்தால் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடும், முழுதாகத் தடுக்க முடியாவிட்டாலும், காதையும் பிரஷர், சுகரையும் கவனித்தால் அந்த வாய்ப்பைக் குறைக்கலாம் என்றார். காதுக்கு மிஷினும் கொடுத்தார்கள். ஆஞ்சப்பன் அதைத் தொடவில்லை. டீக்கடை, கல்யாண வீடு, சிநேகிதர் வீடு என்று அவர் போய்வந்த இடங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. “ஊட்லயே உக்காந்துக்கினு, நெனப்பு தப்பி என்ன உட்டுட்டுப் போயிடுவாரோன்னு பயம்” என்கிறார் முனிலட்சுமி. அந்தப் பயம்தான் அவரை மீசை வரைய வைத்தது.

நாடகத்தில், டீக்கடை பெஞ்சில் ஒருவர். யார் என்ன கேட்டாலும் தலையாட்டுகிறார். கல்யாணப் பத்திரிகை வைப்பவருக்கும் சண்டைக்கு வந்தவருக்கும் ஒரே ஆட்டம். எதிரே ஆளே இல்லாமல் அத்தனை பேரையும் கண்ணாலேயே கொண்டுவந்து நிறுத்துகிற கெட்டிக்காரி முனிலட்சுமி. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். போகப்போக அந்த பெஞ்சுக்காரரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கடைசியில் தன் தெருவிலேயே நின்று, எது தன் வீடென்று கதவு கதவாகப் பார்ப்பார். சிரிப்பு அடங்கிவிடும். அப்போது மட்டும் முனிலட்சுமி வாய் திறப்பார்: “பிளக்கு போடுங்க. பிரஷர், சுகர் பாத்துக்கங்க. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க, வெக்கம் என்னாத்துக்கு?”

ஒருமுறை, அப்பா இறந்துவிட்டதாகச் சொன்னவரிடம் ஆஞ்சப்பன் சிரித்த முகமாக “சந்தோஷம்” என்று சொல்லிவிட்டார். மேடைக்குக் கிடைத்தற்கரிய காட்சி. முனிலட்சுமி அதை நாடகத்தில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டார்.

ஆஞ்சப்பன் எப்போதும் பின்வரிசையில் நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். போன வியாழக்கிழமை நாடகம் முடிந்ததும், அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வரும் சுரேந்தர் அவரிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். ஆஞ்சப்பனின் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கிப் பாதியில் நின்றது. அத்தனை பேர் பார்க்க, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, “ஏனு? இன்னொரு தடவ சொல்லுப்பா” என்று சுரேந்தரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.