இம்பீரியல் தியேட்டரில் அப்பா ஓட்டிய கடைசிப் படம்

பழுத்துக் கறுத்த வாழைப்பழத்தின் மணம் எங்கிருந்து வந்தாலும் எனக்குப் படச்சுருள்தான் நினைவுக்கு வரும், ஏனென்றால் அறுந்த பிலிமை ஒட்டுகிற பசைக்கு அதே மணம். நாரந்தனையில் எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழைய பிஸ்கற் பெட்டிக்குள் அப்பா அந்தப் பசைப் போத்தலையும், ஒரு சின்னக் கத்தரிக்கோலையும், படம் ஓட்டுகிற மெசினில் வெளிச்சம் உண்டாக்குகிற கரிக்குச்சிகள் கொஞ்சத்தையும், படம் அறுந்த நாட்களில் வெட்டியெடுத்த பிலிம் துண்டுகளையும் வைத்திருந்தார். யூட் அண்ணை ஒரு துண்டை எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நான் அவருடைய முழங்கைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன். ஒரே பெண் ஒரே பூவை இருபது தரம் மணந்துகொண்டிருப்பாள்.

அப்பா யாழ்ப்பாணப் பட்டினத்தில் இம்பீரியல் தியேட்டரின் ‘ஒப்பரேட்டர்’. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுக்கிற உடம்பு அவருக்கு. அதனால் வாலிபத்தில் ஒரு நாள் பஸ் ஏறிப் பட்டினத்துக்குப் போய் அந்த வேலையில் சேர்ந்தார். புங்குடுதீவு மடத்துவெளியைச் சேர்ந்த ஒரு வியாபாரி, தென்பகுதியில் கடை வைத்துச் சம்பாதித்தவர், கொழும்பில் கண்டதைப் போல ஒன்று நம்முடைய பட்டினத்திலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டிய தியேட்டர் அது என்று அப்பா சொல்லுவார். மூன்று மாடி உயர முகப்பு, அதில் சுண்ணாம்புச் சாந்தில் செய்த தாமரைகள், வளைந்து மேலேறும் பல்கனிப் படிகள், பெண்களுக்குத் தனி வாசல். படம் தொடங்குவதற்கு முன் சிவப்பு வெல்வெற் திரை இசையோடு மெல்ல மெல்ல மேலே எழும்புமாம். அதைப் பார்ப்பதற்கென்றே குறைந்த காசுக் ‘கலரி’யில் இருக்கிறவர்கள் நேரத்தோடு வந்துவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் தீவுச் சனம் நேரே பட்டின பஸ்ஸில் ஏறி, மட்னிக் காட்சி பார்த்து, கடைசி பஸ்ஸில் திரும்பும். ‘படக்கார மரியதாஸ்’ என்றால் ஊர்காவற்றுறை வரைக்கும் தெரியும்.

நான் அந்தத் தியேட்டருக்குள் ஒரு நாளும் போனதில்லை. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது சண்டை மறுபடி மூண்டது, மின்சாரம் நின்றது, தீவையும் பட்டினத்தையும் இணைத்த பண்ணைப் பாதையும் அடைபட்டது. ஆறு வருடம் அப்பா மாமாவின் வலைகளைப் பொத்திக்கொண்டு கரையிலேயே இருந்தார். எனக்குத் தெரிந்த இம்பீரியல் முழுக்க அவர் சொன்ன இம்பீரியல்தான்.

தொண்ணூற்றாறில் பட்டினம் இயக்கத்திடமிருந்து இராணுவத்தின் கைக்கு மாறியபின் பாதை திறந்தது. சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, அடையாள அட்டை காட்டி, பாஸ் எடுத்துப் போய்வரலாம் என்றானது. அப்பா முதல் பஸ்ஸிலேயே போனார். திரும்பி வந்து, “கூரை கால்வாசி இல்லை. ஆமி இருக்கிறான்” என்று மட்டும் சொல்லிவிட்டு வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

அந்த வருடக் கடைசியில் ஒரு புதன்கிழமை அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் திருத்திக்கொண்டு வருவதற்காக யூட் அண்ணை பட்டினத்துக்குப் போனார். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. நீலச் சேட்டுப் போட்டுக்கொண்டு புறப்படும்போது செருப்பு வார் கழன்றுவிட்டது. “பிள்ளை, ஓடிப்போய் ஒரு ஊசி கொண்டு வா” என்றார். நான் பள்ளிக்கூடச் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்தேன். வலது செருப்பின் அடியில் வாரைக் கோத்து ஊசியைக் குத்திப் பூட்டிவிட்டு, அம்மா பார்த்தால் புதுச் செருப்பு வாங்கச் சொல்லிப் பேசுவா என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிச் சிரித்தார். பின்னேரப் பஸ்ஸில் அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

சந்தையடியில் மரக்கறி விற்கிற ஒரு மனுசி அப்பாவிடம் சொன்னா: “ஆமி வாகனத்தால நாலு பொடியளை இறக்கினவங்கள். ஒருத்தன் நீலச் சேட்டு. இம்பீரியலுக்குள்ளதான் கொண்டு போனவங்கள், தம்பி. நான் கண்ணால கண்டனான்.”

அதன்பிறகு அம்மாவும் அப்பாவும் கிழமைக்கு மூன்று நாள் அந்த வாசலில் போய் நின்றார்கள். உள்ளே ஒருவரும் இல்லை என்பதே ஒவ்வொரு நாளும் பதில். ஒரு காலத்தில் கேட்டுக் கேள்வியில்லாமல் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன வாசலில், தொப்பியைக் கழற்றிய தலையோடு அப்பா நின்றதை நினைத்துப் பார்க்க எனக்கு இன்றும் ஏலாது. வீட்டுக்கு வந்ததும் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் தியேட்டரின் உள்பக்கத்தைக் கீறி அம்மாவுக்கு விளங்கப்படுத்துவார். “மண்டபத்துக்குள்ள வைக்க மாட்டாங்கள், றோஸ். மழை ஒழுகும். திரைக்குப் பின்னால ஒரு அறை இருக்கு, போஸ்டர் அடுக்கி வைக்கிற அறை. அது காஞ்ச இடம். ஒரு சின்ன யன்னலும் இருக்கு.” அந்த யன்னல் இருக்கிறது என்பதே அம்மாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. செபம் சொல்லி முடித்ததும் அந்தத் தாளை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைப்பா.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் வாசலில் தமிழ் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் வெளியே வந்து, இந்தப் படம் ஓட்டுகிற மெசின் பற்றித் தெரிந்த ஆள் யாரும் பட்டினத்தில் இருக்கிறார்களா என்று நின்றவர்களிடம் கேட்டான். அப்பா கையை உயர்த்தினார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து அவன் சொன்னானாம்: “வருசப் பிறப்புக்கு எங்கட ஆக்களுக்கு ஒரு படம் காட்ட வேணும். நீ மெசினைச் சரியாக்கி ஓட்டினால், முகாமின்ர பெரியவர் உன்ர மகனைப் பற்றி விசாரிப்பார்.”

அன்று பின்னேரம் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி அவர், அதிகம் பேசாத மனிதர்.

“அத்தான், நீங்கள் போய் அவங்களுக்குப் படம் காட்டினால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? இயக்கத்து ஆக்கள் கேள்விப்பட்டால் உங்களை விடுவாங்களே?”

குசினிக்குள் இருந்து அம்மாதான் வந்தா.

“ஊர் வந்து அந்த வாசலில நிண்டதே? அவர் போகட்டும். உள்ளுக்குப் போய்ப் பாக்கக் கிடைச்ச ஒரே வழி இது.”

மாமா எழுந்து போனார். பிறகு ஒரு வருடம் எங்கள் படலையைத் திறக்கவில்லை. கோயிலில் எங்கள் வாங்குப் பலகையில் வந்து இருக்கிறவர்களும் குறைந்துபோனார்கள்.

சித்திரை வெயிலில் ஒரு காலை அப்பா அந்தப் பிஸ்கற் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தியேட்டருக்குள் அவர் கண்டதைப் பின்னாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கதிரைகளைப் பிடுங்கி விறகாக்கியிருந்தார்கள். தாமரைகள் குண்டுச் சிதறல் பட்டுப் பொக்கை வாய்களாகியிருந்தன. வெல்வெற் திரையை வெட்டிக் காவல் மண்மூட்டைகளுக்கு மேலே போர்த்தியிருந்தார்கள். ஆனால் மெசின் அறைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிலிமில் தீப்பிடித்தால் வெளியே பரவக்கூடாது என்று அந்த அறையை மட்டும் ஒன்றரை அடிச் சுவரால் கட்டியிருந்தார்கள். இரண்டு மெசின்களில் ஒன்றின் பாகங்களைக் கழற்றி மற்றதில் பூட்டி, எண்ணெய் விட்டு, கரிக்குச்சியைப் பொருத்தி, ஜெனரேற்றர் கரண்டில் அவர் அதை எழுப்பிவிட்டார். கூரை ஓட்டைகளைத் தறப்பாளால் மூடி, மதியம் படம் தொடங்கியது. சுவரில் இருந்த சின்னச் சதுர ஓட்டையால் பார்த்தபோது, நிலத்தில் குந்தியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அண்ணையின் வயதுப் பொடியன்களாக இருந்தார்களாம். பகிடிக் கட்டத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். “படம் நல்லா ஓடினது” என்று அப்பா சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் வந்த வெட்கத்தை நான் கண்டேன்.

இடைவேளையில் திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கி இரைகிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். விட்டார்கள். போஸ்டர் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

பின்னேரம் ஆறு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார். அம்மா ஓடிப்போய்ப் படலையில் நின்றா. “அங்க ஒருத்தரும் இல்லை, றோஸ். வேற முகாமுக்கு மாத்தியிருப்பாங்கள். விசாரிக்கிறன் எண்டு பெரியவர் சொன்னவர்” என்றார் அப்பா. சட்டையைக் கழற்றவில்லை, சோறும் வேண்டாமென்றார். கிணற்றடிக்குப் போகிறவர் போல என்னையும் கூட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். பனைகளுக்கு நடுவே நின்று, என் உயரத்துக்குக் குனிந்து கேட்டார்:

“பிள்ளை, அண்ணை அண்டைக்கு என்ன செருப்புப் போட்டுக்கொண்டு போனவர்?”

“நீலச் செருப்பு, அப்பா.”

“நீலச் செருப்பு எல்லாரும்தான் போடுகினம். வேற அடையாளம் ஏதும் இருந்ததோ?”

“வலது செருப்பில ஊசி குத்தியிருந்தது. நான்தான் என்ர சட்டையில இருந்து கழற்றிக் குடுத்தனான்.”

அப்பா என் தோளில் வைத்திருந்த கையை எடுத்தார். ஒரு பனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். அந்த அறையின் மூலையில் செருப்புகள் குவிந்து கிடந்தன என்று பிறகுதான் சொன்னார். சோடி சோடியாக அல்ல, கூட்டி ஒதுக்கியது போல.

“அம்மாட்டைச் சொல்லாத” என்றார். “ஓம்” என்றேன்.

பத்து வயதில் அப்படிச் சொன்ன ‘ஓம்’ எவ்வளவு பாரமானது என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மா ஒவ்வொரு முகாம் வாசலாகப் போய்வந்தா, கடிதங்கள் எழுதுவித்தா, ஒவ்வொரு ஆணைக்குழுவின் முன்னும் போய் இருந்தா. நத்தார்ப் பண்டிகைக்கு அண்ணையின் அளவுக்குச் சேட்டுத் துணி வாங்கி வைத்தா. நான் பக்கத்தில் நின்று துணியின் நிறம் நல்லது என்று சொன்னேன். இரண்டாம் தரமும் படம் ஓட்டக் கூப்பிட்டபோது அப்பா கண் தெரியவில்லை என்று பொய் சொல்லிவிட்டார். அந்தப் பெரியவரும் மாற்றலாகிப் போய்விட்டார். சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில் பட்டினத்தில் வேறு தியேட்டர்கள் புதுக் கதிரைகளோடு திறந்தன. நாரந்தனையிலிருந்து சனம் மறுபடியும் பஸ் ஏறிப் போனது. அப்பா போகவில்லை. அந்தக் காலத்திலேயே ஒரு மாரியில் நெஞ்சு நோவென்று படுத்தவர் எழும்பவில்லை.

இந்த வருடம் சண்டை முடிந்தது என்று அறிவித்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் காணாமல் போனவர்களைப் பதிகிற ஓரிடத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் இருந்தவள் என்னைவிட இளையவள். கடைசியாகக் கண்ட இடம் எது என்று கேட்டாள்.

“இம்பீரியல் தியேட்டர்” என்றா அம்மா.

“அப்படி ஒரு தியேட்டர் இஞ்ச இல்லையே, அம்மா. எந்த ஊரில?”

நான் தெருவின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் எந்தக் கடை, எதிரே எந்த வங்கி என்று சொல்லி எழுதுவித்தேன். வெளியே வந்து அந்தத் தெருவாலேயே பஸ் நிலையத்துக்கு நடந்தோம். முகாம் எப்போதோ எழும்பிப் போயிருந்தது. கடைத்தொகுதி ஒன்று கட்டுவதற்காக இயந்திரம் முகப்புச் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. அம்மா எதிர்ப்பக்கத்து நிழலில் நின்றா. இனியும் மறைத்து என்ன பயன் என்று நினைத்து, “அம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்” என்று தொடங்கினேன்.

“வேண்டாம், பிள்ளை” என்றா. “அண்டைக்குச் சாப்பிடாமல் உன்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். குசினி யன்னலால கண்டனான். மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட நிலையிலேயே விளங்கிட்டுது.”

“அப்ப ஏன் அப்பாட்டை ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டால் சொல்லிப்போடுவார்.”

முகத்துத் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, “நான் போய்ப் பதியாமல் விட்டால், அவன் இதுக்குள்ள போனதே பொய்யாப் போயிடும்” என்றா.

இன்று அந்த இடத்தில் கம்பிகள் எழும்பி நிற்கின்றன. முகப்பில்லை, பல்கனிப் படியில்லை, ஒன்றரை அடிச் சுவர் வைத்த அறையுமில்லை. பண்ணைப் பாதையால் போகிற பஸ்ஸில் இம்பீரியலடி என்று இறக்கம் கேட்கிறவர்களும் இல்லை. அன்று திரும்பி வந்த பஸ்ஸில் நான் அப்பாவை நினைத்துக்கொண்டு வந்தேன். எட்டு வருடம் மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து சோறு சாப்பிட்டோம், அம்மாவுக்குத் தெரியாது என்று அப்பாவும் நானும் நினைத்துக்கொண்டு. அவர் அப்படி நினைத்துக்கொண்டே போய்விட்டார்.