அண்ணன் போடாத மொட்டை

நான் இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், என் அண்ணனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதுதான். பேசுவான். தமிழ்ப் படங்களில் அவன் பேசுவதைக் கேட்டு மதுரைக்காரர்களே மயங்குகிறார்களாம். ஆனால் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் அவனுக்கு வாய் திறக்கும். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான். நான் மட்டும் அப்பா கொண்டுவரும் பழைய வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துத் தேறினேன். ஆகவே இங்கே மனதில் இருப்பதைத் தாராளமாகக் கொட்டலாம்.

அண்ணன் பேரைச் சொல்லப் போவதில்லை. பெரிய நடிகன், விருதெல்லாம் வாங்கியவன், மூன்று மொழியில் அவன் முகத்தை ஒட்டுகிறார்கள். அது போதும். ஆரம்பத்தில் பத்து வருடம் சினிமாவில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் பிணம், போலீஸ்காரன், பஸ்ஸில் பின்சீட்டில் தூங்குகிறவன். அந்தப் பத்து வருடமும் தோப்பும்படி மீன்பிடி ஹார்பரில் ஐஸ் பெட்டி தூக்கி வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தவன் நான். மீன் பொரித்தால் நடுத்துண்டு அவனுக்கு, வால் எனக்கு. கேட்டால் அம்மா, அவன் கலைஞன், அவனுக்கு முகம் வாடக் கூடாது என்பாள். என் முகம் வாடினால் ஐஸ் உருகிவிடாது பாருங்கள்.

பிறகு ஒரு படம் ஓடியது. ஒரே படம். அவனைப்போல இயல்பாக நடிக்க ஆளில்லை என்று எழுதினார்கள். உண்மைதான். நன்றாகவே நடிப்பான். அதைக்கூட ஒப்புக்கொள்ளாத அளவுக்கு நான் அற்பன் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் எல்லோரும் புகழ்ந்த நடை இருக்கிறதே, இடது தோள் சற்றுத் தாழ்ந்து, ஒரு காலை இழுத்து வைக்கிற நடை, அது எங்கள் அப்பாவுடையது. முப்பது வருடம் கார்ப்பரேஷன் குப்பை வண்டியைப் பஜார் ரோட்டில் தள்ளித் தள்ளி வந்த நடை. பேட்டி எடுத்த பெண் அதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டாள். ஹார்பரில் மூன்று வாரம் தொழிலாளிகளைக் கவனித்தேன் என்றான். அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு, கார்ப்பரேஷனில் வேலை பார்த்தார் என்று மட்டும் சொன்னான். கேட்கிறவன் நாற்காலியும் ஃபேனும் உள்ள வேலை என்றுதானே நினைப்பான்? அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்துதான் டிவியில் அந்தப் பேட்டியைப் பார்த்தார். அவனுக்கு ஆயிரம் இருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பொறாமை என்பீர்கள். ஆமாம், வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் சொல்ல வந்தது வேறு.

அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைக்காமலே போய்ச் சேர்ந்தார். அண்ணன் ஐதராபாத்தில் ஷூட்டிங்கில் இருந்தான். மதிய விமானத்தில் வந்து இறங்கினான். வந்ததும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அந்த அழுகையில் நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் ஆட்களில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். கொள்ளி வைக்கிறவன் தலையும் மீசையும் மழித்துக்கொள்ள வேண்டும். கேரளத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும், பேச்சே பாதி மலையாளம் ஆகியும், இதில் மட்டும் ஒருவரும் கை வைத்ததில்லை. முடிவெட்டுகிறவர் வந்து முற்றத்தில் பலகை போட்டு, சொம்பில் தண்ணீரோடு காத்திருந்தார். காரியங்களை முன்நின்று நடத்தும் மாமா, மூத்தவன் எங்கே என்று குரல் கொடுத்தார்.

அண்ணன் என்னைச் சமையலறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"டே, தலையில கத்தி வெக்க முடியாது. இன்னும் பத்து நாள் ஷூட் பாக்கி உண்டு. இந்த முடியும் தாடியும் வளக்க எட்டு மாசம் ஆச்சு."

ஒரே காட்சியில் பாதியை இன்றைக்கும் மீதியை அடுத்த வாரமும் எடுப்பார்கள், நடுவில் முடி மாறினால் எல்லாம் கெட்டுவிடும், நூறு பேர் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று விளக்கினான். விக் வைத்துக்கொள் என்றேன்.

"குளோசப்புல தெரியும் டா."

முன்னறையில் அப்பா நெற்றியில் காசோடு படுத்திருக்கிறார், இவன் குளோசப்பைப் பற்றிப் பேசுகிறான். அறையலாம் என்று கை வந்தது. அதற்குள், இன்றைக்கு நீ உட்கார், பதினாறாம் நாள் நான் வந்து எல்லோர் முன்னாலும் மொட்டை போட்டுக்கொள்கிறேன், அம்மாமேல் சத்தியம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். வாசலில் ஊரே போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறது. அப்பாவைப் போட்டுக்கொண்டு என்ன சண்டை போடுவது? நான் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். முடிவெட்டுகிறவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, நீதானா, நீதானா என்று இரண்டு முறை கேட்டார். அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயதில் வைத்த மீசை அது. உதட்டுக்குமேல் காற்றுப் பட்டபோதுதான் அப்பா செத்துப்போனார் என்பது எனக்கு உறைத்தது. அதுவரை ஓடியாடிக்கொண்டுதான் இருந்தேன்.

பாடையின் முன்பக்கத்தை அண்ணன் தூக்கினான். கொள்ளியை நான் வைத்தேன். சாயங்காலம் டிவியில், தந்தைக்கு இறுதிச் சடங்கு செய்த நடிகர் என்று ஓடியது. படத்தில் அவன் தாடியோடு நிற்கிறான். பக்கத்தில் என் தோளும் கொள்ளிச் சட்டியும்தான் தெரிகின்றன, என் தலை படத்தில் விழவில்லை.

பதினாறாம் நாள் அதே முடிவெட்டுகிறவர் வந்து உட்கார்ந்தார். பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தார். அண்ணனின் மானேஜர் போன் செய்து, ஷூட்டிங் வெளிநாட்டுக்கு மாறிவிட்டது என்று சொன்னான். அம்மா முற்றத்துக்கு வந்து அவரிடம், போய்ட்டு வாங்க சேட்டா என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பெத்த அப்பனுக்கு முடி குடுக்காதவன். இனி அவன் என் வாசப்படி மிதிக்கண்டா."

சொன்னபடியே இருந்தாள். அவன் போன் அடித்தால் எடுப்பதில்லை. டிவியில் அவன் வந்தால் அணைத்துவிடுவாள். தெருவில் யாராவது உங்கள் மகன் என்று ஆரம்பித்தால், எந்த மகன் என்று கேட்பாள். நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒன்றரை வருடம்தான். அப்பா போன துக்கத்துக்கு அடியில் இப்படி ஒரு சந்தோஷமா என்று எனக்கே கூசும். ஆனாலும் ஹார்பரிலிருந்து வரும்போது அம்மா வாசலில் நிற்பாள். நடுத்துண்டு எனக்கு வரும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பாவுக்குச் செய்தவன் இவன்தான் என்று என்னைக் காட்டுவாள். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு அம்மா கிடைத்தாள்.

அப்போதுதான் அவனுடைய அடுத்த படம் வந்தது. அப்பன் செத்து, மகன் ஊர் திரும்புகிற கதை. அதில் அவன் நிஜமாகவே மொட்டை போட்டிருக்கிறான், நிஜமான முடிவெட்டுகிறவர், கேமரா ஒரு இடத்திலும் வெட்டாமல் எடுத்தது என்று பத்திரிகையெல்லாம் ஒரே கூத்து. அர்ப்பணிப்பாம். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவுக்குக் கொடுக்காத முடியைச் சினிமாவுக்குக் கொடுத்திருக்கிறான். இதை அம்மா கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்தால் அவள் கோபம் சாகும்வரை ஆறாது. அப்படி ஒரு புத்தி எனக்கு ஏன் போனது? சும்மா கிடந்திருக்கலாம்.

வைட்டிலா தாண்டி ஒரு ஷாப்பிங் மாலில் காலைக்காட்சிக்குக் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றவளை, அவன் செய்திருக்கிற அக்கிரமத்தைப் பார் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். நகரும் படியில் ஏறப் பயந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் காட்சி பாதிப் படத்துக்குமேல் வந்தது. முற்றம், பலகை, சொம்பு. அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து குனிந்தான். தண்ணீர் தெளித்தார்கள். கத்தி முன்னந்தலையில் இறங்கியது. முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முந்தானையை இழுத்து, அப்பா கிடந்த அன்றைக்குப் போட்டதுபோலவே தலையில் முக்காடு போட்டாள். எழுந்து நின்றாள். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவள் கேட்கவில்லை. மீசையும் எடுத்து முடியும்வரை கைகூப்பியபடி நின்றாள். அவன் கொள்ளிச் சட்டியை எடுத்ததும் என்னைத் தொட்டு, போகலாம் வா, பொம்பளைங்க இதுக்குமேல பாக்கக் கூடாது என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகாமல், பின்பக்கக் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். ஈரத் தலையோடு வந்து, அவனுக்குப் போன் போடு என்றாள். போட்டுக் கொடுத்தேன். அவன் எடுத்ததும், அம்மா என்று கூப்பிடக்கூட விடவில்லை.

"அப்பாவுக்குச் செய்ய வேண்டியத செஞ்சுட்டே டா. லேட்டாப் போச்சு, சாரமில்ல, போகட்டும். ஞாயித்துக்கிழமை வா."

போனைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்தேன். அம்மா, அது சினிமா, படுத்திருந்தது யாரோ ஒரு நடிகர், ஷூட்டிங் முடிந்ததும் எழுந்து சாயா குடிக்கப் போயிருப்பார் என்று கத்தினேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"தலையில கத்தி வெச்சது நெசம்தானே?"

நிஜம்தான். அதன்பிறகு அவள் என் தோளைத் தட்டி, ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அன்னைக்கு அவனுக்கு முடியாதப்போ நீ ஒதவிக்கு நின்னே. அதையும் மறக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வரச் சொன்னாள். அவன் மொட்டைத் தலை இப்போதும் எங்கள் தெருமுனையில் ஆளுயரப் போஸ்டராக ஒட்டியிருக்கிறது. என் தலையில் முடி எப்போதோ வளர்ந்துவிட்டது. அன்றைக்கு என் மொட்டையை ஊரே பார்த்தது, ஆனால் அது அப்பாவுக்கானது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அம்மா மட்டும்தான், இப்போது அவளும் சொல்வதில்லை.