மூன்றுக்கு ஒன்று என்று நான் சொன்ன பொய்

என் கணவருக்குக் கால்பந்து தெரியாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவருவதைச் சொல்கிறேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று பதினோரு வருடங்களாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் கோட்டோரம் நிற்கிறவர் கொடியைத் தூக்கினால், "இப்ப எதுக்குக் கொடி?" என்று என் முகத்தைத்தான் பார்ப்பார். ஆனால் வேங்கிக்காலில் எங்கள் அலுவலகப் பக்கம் போய் விசாரித்துப் பாருங்கள். கால்பந்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள்.

நான் கீழ்பென்னாத்தூரில் படித்தபோது பள்ளி அணியில் ரைட் பேக். வலது ஓரத்தில் நின்று, எதிரணி ஆள் பந்தோடு ஓடிவந்தால் மறிக்கிறவள். அந்த இடத்தில் ஆடியவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். பந்து இருக்கிற இடத்தைவிட, அடுத்து அது போகப்போகிற இடத்தைத்தான் கண் தேடும். மாவட்டப் போட்டி வரைக்கும் போனேன். பன்னிரண்டாம் வகுப்போடு ஆட்டம் நின்றது. பார்க்கிற பழக்கம் நிற்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே வளாகத்தில் வேறு வேறு பிரிவுகளில் வேலை பார்க்கிறோம். அங்கே ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். சென்னை அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் யார் ஜெயிப்பார்கள், எத்தனை கோல், ஏன் என்று எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சொன்னது என்ன, நடந்தது என்ன என்று விமர்சனம் எழுத வேண்டும். பந்தயம் கிந்தயம் எல்லாம் கிடையாது. சரியாகச் சொன்னவருக்கு ஒரே ஒரு மரியாதை உண்டு. அடுத்த ஆட்டம் வரைக்கும் குழுவுக்கே அவர் பெயரை வைப்பார்கள்.

போன சீசனில் பெரும்பாலும் என் கணவர் பெயர்தான் இருந்தது. நான் தோசை வார்த்துக்கொண்டே சொல்வேன். "அவங்க டிஃபென்ஸ் ரெண்டு பேரும் ஸ்லோ. அறுபது நிமிஷம் தாண்டினா மூச்சு வாங்கும். அப்பதான் கோல் விழும்." அவர் வலது கையால் தின்றுகொண்டே இடது கையால் போனில் தட்டுவார். "ஸ்லோனு போடவா, மந்தம்னு போடவா?" என்று கேட்பார். அதுதான் அவருடைய பங்கு.

ஒரு நாள் என்னையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். நானே எழுதினேன், அப்படியே பலித்தது. என் பிரிவுக் கண்காணிப்பாளர் உடனே பதில் போட்டார்: "சார் வீட்லயே ட்யூஷன் எடுக்கறாரு போல." கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். குழுவுக்கு வைத்த பெயரும் என் கணவருடையதுதான். என் கணவருக்கே சங்கடமாகிவிட்டது. "இல்லீங்க, எல்லாமே எங்க வீட்ல சொல்றதுதாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எழுதினார். "சாருக்கு எவ்ளோ பெருந்தன்மை பாருங்க" என்று வந்தது பதில்.

அதோடு அவர் விட்டுவிட்டார். "நான் இன்னா பண்றது, சொன்னா நம்ப மாட்டேங்கறாங்களே" என்றார். அந்த ஆட்கள் மேல் வந்த எரிச்சலைவிட, இவர் ஒரே தடவையில் விட்டுவிட்டார் என்கிற எரிச்சல்தான் எனக்கு ஜாஸ்தி. குழுவின் தலையில் தன் பெயரைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. எனக்குத் தெரியாதா என்ன?

அந்த இடத்தில் என் பெயர் ஒரு வாரம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். பதவி உயர்வுக்குக்கூட நான் இப்படி ஏங்கியதில்லை.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, வடக்கேயிருந்து வந்த ஓர் அணியோடு. சென்னையின் ரைட் பேக் மஞ்சள் அட்டைகள் வாங்கி வாங்கி அந்த ஆட்டத்தில் இறங்க முடியாமல் போயிருந்தார். பதிலுக்கு வருகிறவர் பந்து கிடைத்தால் போதும், முன்னே ஓடிவிடுவார். திரும்பி வருகிற பேச்சே கிடையாது. எதிரணியில் இடது ஓரம் ஓடுகிறவனோ அந்த மாதிரிக் காலி இடத்துக்காகவே காத்திருக்கிறவன். இரண்டுக்குப் பூஜ்யம், சென்னை தோற்கும். நான் ஆடிய இடம் அது. எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை காலை கணவர் போனோடு வந்து அடுப்படி வாசலில் நின்றார். "இந்த வாட்டி யாரு?" என்றார்.

அந்த யோசனை அப்போதுதான் வந்தது. வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "சென்னைதான். மூணுக்கு ஒண்ணு" என்றேன்.

"எப்படி?"

"கார்னர்ல ரெண்டு கோல் வரும். அவங்க கீப்பர் கோட்டை வுட்டு வெளிய வரமாட்டான்."

"மூணாவது?"

"பெனால்ட்டி" என்றேன். வாய்க்கு வந்தது அதுதான்.

அவர் சந்தேகமே படாமல் தட்டினார். பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் தடுக்கவில்லை. மதியம் உட்கார்ந்து என் கணிப்பை எழுதினேன், ஆறு பத்தி. அவர் சொன்னதற்கு நேர் எதிர். ஒரே வீட்டிலிருந்து இரண்டு கணிப்பு போயிருக்கிறது. யார் யாருக்கு ட்யூஷன் எடுக்கிறார்கள் என்று திங்கட்கிழமை எல்லாருக்கும் விளங்கிவிடும். "மேடம் சாரையே எதிர்க்கறாங்களே" என்று ஒருவர் எழுதினார். எழுதட்டும் என்று விட்டேன்.

ஞாயிறு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது என்பதால் நாலரைக்கே டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியும் அந்த மாற்று ரைட் பேக் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. "போயேன், முன்னாடி போயேன்" என்று நான் சோபாவிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தேன். நம் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் போகவே இல்லை. இடது ஓரத்து ஆள் மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் பந்தைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினான்.

இருபதாவது நிமிடம் ஒரு கார்னர். கீப்பர் கோட்டிலேயே நின்றான். சென்னைக்காரர் ஒருவர் எகிறித் தலையால் முட்டினார், கோல். என் கணவர் சாமியைப் பார்க்கிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். இடைவேளைக்குப் பிறகு இன்னொரு கார்னர், அதே மாதிரி இன்னொரு கோல். நடுவில் எதிரணி ஒன்று போட்டபோது எனக்கு உயிர் வந்தது. பத்து நிமிடம் மிச்சமிருக்கையில் அவர்கள் ஆள் ஒருவன் கோலுக்குப் பக்கத்தில் பந்தைக் கையால் தட்டித் தொலைத்தான். நடுவர் பெனால்ட்டி என்று கையைக் காட்டினார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். கூடத்தில் அவர் போட்ட சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது.

"நீ மனுஷியே இல்ல!" என்று கையெடுத்துக் கும்பிட்டபடி வந்தார்.

"நான் உங்ககிட்ட சொன்னது பொய்ங்க" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

கும்பிட்ட கையை இறக்கினார். "நீ நெஜமா நெனச்சது எது?"

"குரூப்ல நான் எழுதினதுதான்."

"அது தப்பாச்சே" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டார். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அதற்குள் குழுவின் பெயரை மாற்றிவிட்டார்கள். அவர் பெயருக்குப் பின்னால் இந்தத் தடவை 'சித்தர்' என்றும் சேர்த்திருந்தார்கள்.

விமர்சனம் எழுத வேண்டும் என்பது விதி என்றாலும், அந்தக் குழுவில் கணிப்பு தப்பினால் யாரும் எழுத மாட்டார்கள். நடுவர் சரியில்லை என்று ஒரு வரி போடுவார்கள், இல்லாவிட்டால் இரண்டு நாள் காணாமல் போவார்கள். எனக்கு அது முடியவில்லை. எங்கே தப்பினேன் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஓர் ஆள் இதுவரை ஆடியதை வைத்துக் கணக்குப் போட்டேனே தவிர, பயிற்சியாளர் அவரை நிறுத்திவைத்து 'இந்தக் கோட்டைத் தாண்டாதே' என்று சொல்லியிருக்கலாம் என்று யோசிக்கவில்லை. என்னையே ஒரு தடவை அப்படி நிறுத்தியிருக்கிறார்கள். ஆட்டம் முழுக்க அழாத குறையாக நின்றேன், ஒரு கோல்கூட விடவில்லை. அதையும் மறந்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி அனுப்பினேன். கணவரிடம் சொன்ன பொய்யை மட்டும் எழுதவில்லை. எழுதினாலும் யார் நம்பப்போகிறார்கள்?

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது கண்காணிப்பாளர் என் மேசைக்கு வந்தார். ட்யூஷன் என்று எழுதினாரே, அவரேதான்.

"உங்க விமர்சனம் படிச்சேன் மேடம். அந்தக் கணிப்பு நீங்களே எழுதினதுதானே?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு. சார் ஒரு பார்வை பார்த்திருந்தாருன்னா இவ்ளோ தப்பு வந்திருக்காது. அடுத்த சீசன்ல அனுப்பறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வாட்டி காட்டிடுங்க."

"ஆமாங்க, நானேதான் எழுதினேன்" என்றேன்.

சீசன் முழுக்க நான் சொல்லக் காத்திருந்த வாக்கியம் அது. அவர் உடனே நம்பிவிட்டார்.