பூ விழுந்தால் பேச்சு

ரேடியோ அக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது திட்டம் போட்டுச் செய்த காரியம் அல்ல. துணைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். மாலை நேர வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவருடைய நாத்தனார். தனியாகப் போகக் கூச்சம் என்று அண்ணியைக் கையோடு இழுத்துப் போனாள். சேர்க்கை அலுவலகத்தில் வரிசை நத்தை வேகத்தில் நகர்ந்தது. அது கவுன்டரைத் தொடுவதற்குள் அக்கா முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர், கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருந்த எழுத்தர் என்று எல்லோருடைய பூர்வோத்திரத்தையும் விசாரித்து முடித்திருந்தார். முறை வந்ததும் எழுத்தர் சிரித்துக்கொண்டே, நீங்களும் சேர்ந்துவிடுங்களேன், வகுப்பு கலகலப்பாக இருக்கும் என்றார். அக்காவும் அந்த ஜோரில் தலையாட்டிவிட்டார்.

நாத்தனார் இரண்டாவது வாரமே நின்றுவிட்டாள். காரணம், புள்ளியியல். வணிகத்துக்கும் பொருளியலுக்குமான அறிமுகப் புள்ளியியல் என்ற பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறது, உள்ளே என்னென்ன இருக்குமோ என்று பயந்துவிட்டாள். அக்கா மட்டும் விடவில்லை. படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் விளக்குப் போடும்வரை தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற ரகம் அவர்.

பகலில் அவருக்கு ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் போய்ச் சேர்ந்த இடம். அங்கேயே காலம் ஓடிவிட்டது. வருகிறவர்களின் பெயர், வயது, எந்தப் பல் என்று எழுதிக்கொள்வது, நேரம் ஒதுக்குவது, ஃபோனை எடுப்பது. இதற்கு நடுவே பேச்சு. அணைக்கிற பட்டன் இல்லாத ரேடியோ என்று கிளினிக் நர்ஸ் ஒருநாள் சொன்னாள், பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லை. ரேடியோ ஓடுகிற வீட்டில்தான் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம் என்பார்.

வகுப்பறையில் அந்த ரேடியோ முதல் மாதம் கொஞ்சம் கரகரத்தது. மேடம் என்று எல்லோரும் அழைத்த விரிவுரையாளர் அக்காவைவிடப் பத்து வயதாவது சின்னவர். மெல்லிய குரல், வேகமான கை. கரும்பலகை நிறைவதற்குள் ஒரு பக்கத்தை அழித்துவிட்டு மேலே போய்க்கொண்டிருப்பார். சராசரி, இடைநிலை என்பதெல்லாம் அக்காவுக்கு ஓரளவு பிடிபட்டது. திட்ட விலக்கம் என்ற ஒன்று வந்தபோதுதான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. எல்லா எண்ணிலிருந்தும் சராசரியைக் கழி, வர்க்கப்படுத்து, கூட்டு, வகு, மறுபடி வர்க்கமூலம் எடு. எதற்கு இவ்வளவு சுற்று? முதல் தேர்வில் அவர் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து, பக்கத்தில் உட்காரும் டயர் கடைக்காரர் பேச்சை மாற்றி மழை வருமா என்று கேட்டார்.

வழி காட்டியவர் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று மாலை காபி ஆற்றிக்கொண்டே அக்கா புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் தன் அன்றைய வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு பழைய கட்டிடத்தில் லிஃப்ட் ஒவ்வொரு தடவையும் தளத்துக்கு விரல்கடை மேலேயோ விரல்கடை கீழேயோதான் நிற்கிறதாம்.

"மேல நிக்கறதையும் கீழ நிக்கறதையும் சேர்த்து சராசரி எடுத்தா, கரெக்டா தளத்துல நிக்குதுன்னுதான் வரும். ஆனா போறவங்க வர்றவங்க எல்லாம் தடுக்கி விழுறாங்க. சராசரிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எவ்வளவு தள்ளித் தள்ளி நிக்குதுங்கறதுதான் எனக்கு வேணும்."

அக்கா காபியை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடக் கூடாதே என்றுதான் வர்க்கப்படுத்துகிறார்கள் என்பது அந்த நொடியில் பளிச்சென்று விளங்கியது. இதை மேடம் வகுப்பில் மூன்று முறையாவது சொல்லியிருப்பார். ஆனால் அப்போது லிஃப்ட் இல்லை.

அதற்கப்புறம் அக்காவுக்குப் பாடத்தில் ருசி தட்டிவிட்டது. பருவத்தின் பாதியில் மேடம் ஒரு செயல்திட்டம் கொடுத்தார். இருவர் இருவராகச் சேர்ந்து, தங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டு, தகவல் சேகரித்து, அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அக்காவும் டயரும் ஜோடி. கடையின் பெயரே ஆளுக்கும் பெயராகியிருந்தது. பேசுவது குறைவு, கணினியில் கை பழகியவர். சந்தேகம் அக்காவிடம் தயாராக இருந்தது: கிளினிக்கில் ஆட்கள் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள்? பதிலும் அவர் மனதுக்குள் தயார். டாக்டர் சாப்பிட்டுவிட்டு வர நேரமாக்குகிறார். அதை எண்களோடு நிரூபித்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு குறும்பும் இருந்தது.

டாக்டர் தாராளமாகச் சம்மதித்தார். தனக்கும் தெரிந்துகொள்ள ஆசை என்றார். ஒரு மாதம், ஒவ்வொருவரும் உள்ளே நுழைந்த நேரம், உள்ளே சிகிச்சை நாற்காலியில் உட்கார்ந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் பதிவாயின. டயர் அவற்றைக் கணினியில் ஏற்றினார். நூலகத்து ஜன்னலோரம் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரின் சாப்பாட்டு நேரத்தில் ஒரு குற்றமும் இல்லை. வாரத்தின் எல்லா நாளும் காத்திருப்பு ஒரே மாதிரி இருந்தது, வியாழக்கிழமை தவிர. வியாழக்கிழமைகளில் மட்டும் அது விழுந்து கிடந்தது.

டயர் தொண்டையைச் செருமினார். "அக்கா, வியாழக்கிழமை உங்களுக்கு லீவுதானே?"

ஆமாம். வியாழன்தோறும் அக்காவுக்கு ஓய்வு. அன்று அந்த மேஜையில் உட்காருபவள் நர்ஸின் தங்கை. பெயரைக் கேட்பாள், எழுதுவாள், அவ்வளவுதான். காத்திருப்புக்குக் காரணம் டாக்டர் அல்ல, ரேடியோ என்று திரை சொன்னது. அக்கா அன்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்காரர் ஆறுதல் சொல்லும் முறை தனி. வியாழக்கிழமைகளை எடுத்துவிட்டால் தீர்ந்தது, யாருக்குத் தெரியப் போகிறது என்றார். அக்காவுக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. ஆனால் டாக்டரின் சாப்பாட்டு நேரத்தில் குற்றம் கிடைத்திருந்தால் அதை ஒளித்து வைத்திருப்பேனா என்று யோசித்தார். வண்ண வண்ணமாகப் படம் போட்டு எடுத்துப் போயிருப்பார். அப்படியென்றால் இதையும் எடுத்துத்தான் போக வேண்டும்.

எடுத்துப் போனார். வகுப்பு முன்னால் நின்று, இந்தக் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருப்பதற்குக் காரணம் வரவேற்பில் இருக்கும் பெண்மணியின் வாய் என்று எங்கள் தரவு காட்டுகிறது, அந்தப் பெண்மணி நான்தான் என்று அறிவித்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மேடமும் சிரித்தார், ஆனால் விடவில்லை.

"வியாழக்கிழமை நீங்க இல்லைங்கறது சரி. அன்னிக்கு வேற என்ன மாறுது?"

அக்கா யோசித்தார். அன்று டாக்டரின் உதவியாளர் பாதி நாள்தான் வருவார். அதனால் வேர் சிகிச்சை மாதிரி நீண்ட வேலைகளை டாக்டர் வைத்துக்கொள்வதில்லை. பல் சுத்தம் செய்வது, சோதிப்பது, அவ்வளவே. சொல்லி முடிக்கும்போதே அக்காவின் முகம் மலர ஆரம்பித்தது.

"அப்ப இது உங்களாலயா, சின்ன வேலைகளாலயான்னு இந்தத் தரவ வெச்சு பிரிக்கவே முடியாது. ரெண்டும் ஒண்ணா மாறுது. பிரிக்கணும்னா ஒரே வழிதான். நீங்க வேலையில இருக்கற நாள்லயே சில நாள் பேசணும், சில நாள் பேசாம இருக்கணும். எந்த நாள்னு நீங்க தேர்ந்தெடுக்கக் கூடாது. நாணயம் தேர்ந்தெடுக்கட்டும்."

ரேடியோ அக்கா ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பதா? இந்த முறை சிரித்தவர்களில் டயரும் இருந்தார்.

மறுநாளிலிருந்து சோதனை தொடங்கியது. காலையில் கதவைத் திறந்ததும் நர்ஸ் நாணயத்தைச் சுண்டுவாள். பூ விழுந்தால் பேச்சு, தலை விழுந்தால் மௌனம். மௌன நாளில் பெயர், வயது, எந்தப் பல் என்பதைத் தாண்டி ஒரு சொல் வரக் கூடாது. நர்ஸ் அந்த அதிகாரத்தை ரொம்பவே அனுபவித்தாள். தலை விழும்போதெல்லாம் நாணயத்தை அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினாள்.

முதல் மௌன நாளில் ஒரு அம்மா நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, அவங்க வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்தார். ஒருவர் தான் போன தடவை ஏதோ தப்பாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு, காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். அடக்கி வைத்ததெல்லாம் வீட்டில் அணை உடைத்தது. வாசல் கதவைத் திறக்கிற வேகத்திலேயே அன்றைக்குப் பூவா தலையா என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். தலை என்றால் அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் சோபாவில் வசதியாகச் சாய்ந்துகொள்வார்.

சோதனையில் கஷ்டமான கட்டம் ஜிம் மாஸ்டர் வந்த நாள். ஆள் மலை மாதிரி இருப்பார். கை ஒவ்வொன்றும் தூண். ஆனால் பல்லில் மெஷின் வைக்கிற சத்தம் கேட்டால் நிறம் மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் அக்காதான் அவருடைய ஜிம்முக்கு வருகிற ஆட்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, பேச்சுவாக்கிலேயே நாற்காலிவரை அனுப்பிவைப்பார். அன்று தலை. மாஸ்டர் பெயரைச் சொன்னார், உட்கார்ந்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா காகிதத்தைப் பார்த்தார். மாஸ்டர் எழுந்தார், வாசல்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும். அக்கா வாயைத் திறந்துவிடுவோமோ என்று பயந்து, எழுந்து போய் உள்ளறையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்தார். திரும்பி வந்தபோது மாஸ்டர் ஓடிவிடாமல் அங்கேயேதான் இருந்தார். உள்ளே போனபின் அவர் வாயைத் திறக்க வைப்பதற்குள் டாக்டருக்கு வியர்த்துவிட்டது என்று நர்ஸ் பின்னால் சொன்னாள்.

இப்படியே சில வாரங்கள். பூ விழுந்த நாட்களும் தலை விழுந்த நாட்களும் தேவையான அளவு சேர்ந்ததும் டயர் கணக்குப் போட்டார். மௌன நாட்களில் ஆட்கள் மேஜையை விட்டுச் சீக்கிரம் நகர்ந்தது உண்மை. ஆனால் உள்ளே நாற்காலியில் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். பயந்தவர்களுக்கு டாக்டர் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் மிச்சமான நிமிடங்கள் மதியத்துக்குள் கரைந்து போயின. வாசலில் நுழைந்து வாசல் தாண்டும்வரை மொத்த நேரத்தைப் பார்த்தால், சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அக்கா வகுப்பில் எழுந்து, பேச்சால் ஒரு கெடுதலும் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது என்று வெற்றிக் குரலில் சொன்னார். மேடம் தலையை ஆட்டி மறுத்தார்.

"வித்தியாசம் இல்லைன்னு நிரூபிக்கல. இருக்குன்னு சொல்ல ஆதாரம் பத்தலைன்னுதான் காட்டியிருக்கீங்க."

இந்த வாக்கியம் பாடப்புத்தகத்தில் எத்தனையோ பக்கங்களில் அச்சாகியிருந்தது. அப்போதெல்லாம் அது அக்காவுக்கு வக்கீல் பேச்சாகவே பட்டது. இப்போது அது தன்னைப் பற்றிய வாக்கியம் ஆனதும் அதன் ஒவ்வொரு சொல்லும் எடை போட்டு வைத்த மாதிரி தெரிந்தது. விடுதலை கிடைத்துவிட்டது; நற்சான்றிதழ் கிடைக்கவில்லை. அது நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றியது. உட்காரும்போது ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது.

அப்படியானால் வியாழக்கிழமையின் ரகசியம் சின்ன வேலைகளாக இருக்கலாம் அல்லவா? அக்காவும் டாக்டரும் உட்கார்ந்து பேசினார்கள். இதுவரை நேரம் ஒதுக்கும்போது சின்ன வேலை, பெரிய வேலை என்று பார்க்காமல் கேட்டவருக்குக் கேட்ட நேரம் கொடுத்துவந்தார்கள். காலையில் ஒரு வேர் சிகிச்சை இழுத்தால் அதற்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். இனி சின்ன வேலைகள் காலையில், பெரியவை மதியத்துக்கு மேல் என்று மாற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மாற்றியதில் காத்திருப்பு நன்றாகவே குறைந்தது. டாக்டர் அந்த வார இறுதியில் கிளம்பும்போது மேஜை அருகே நின்றார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேம்மா. இனிமே காசு சுண்ட வேண்டாம். தினமும் பேசுங்க. உள்ள எனக்கு வேலை சுலபமா இருக்கு."

புள்ளியியலில் அக்கா முதல் வகுப்பெல்லாம் வாங்கவில்லை. தேர்வு அறையில் சூத்திரத்தில் ஒரு இடத்தில் வகுக்க வேண்டியதைப் பெருக்கிவிட்டு, வந்த விடையைப் பார்த்து, ஒரு மனிதர் பல் பிடுங்க எட்டு மாதம் காத்திருக்க மாட்டாரே என்று சந்தேகப்பட்டுத் திரும்பப் போட்டதில் நேரம் போய்விட்டது. ஆனாலும் நல்ல மதிப்பெண்ணோடு தேறினார். செயல்திட்டத்துக்கு வகுப்பிலேயே அதிகமாகக் கிடைத்தது அவருக்கும் டயருக்கும்தான்.

இப்போது டாக்டர் நகரின் இன்னொரு பக்கத்தில் திறந்திருக்கும் கிளினிக்கின் நிர்வாகத்தையும் அக்காவே பார்த்துக்கொள்கிறார். அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும். அதில் அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம். அடுத்த பருவத்தில் செலவுக் கணக்கியல் என்று ஒரு பாடம் வருகிறதாம். அது எப்படி இருக்கும் என்று பேருந்தில் ஏறுகிறவர்களில் கணக்கர் மாதிரி தெரிகிற எல்லோரிடமும் இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார்.